வேலையிடத்தில் உங்கள் உரிமை: பிரச்சினை வரும் முன்னும் வந்த பின்னும் செய்ய வேண்டியவை

எனக்கு வேலை போனது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நான்கு மணிக்கு அறைக்குக் கூப்பிட்டார்கள். நாலரைக்கு லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு வாசலில் நின்றேன். மூன்று மாத ஓவர்டைம் பாக்கி இருந்தது. அதைத் தருவதாக மேலாளர் எழுதிய மெயிலும் இருந்தது. ஆனால் அது இருந்தது ஆபீஸ் கணக்கில். நான் அறைக்குள் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள்.

அன்று புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உரிமை என்ன என்று தெரிந்தவர்கள் கூட அதை நிரூபிக்க முடியாமல் தோற்கிறார்கள். நிரூபிக்க முடிந்தவர்களோ நாள் தவறித் தோற்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் சட்டத்துக்கு எவ்வளவு இடம் உண்டோ, அவ்வளவு இடம் காகிதத்துக்கும் காலண்டருக்கும் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே நான் அடிப்படையாக எடுத்துக்கொள்வது 1919-ல் தொடங்கப்பட்ட சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளை. ஓர் உடன்படிக்கை அதை ஏற்று ஒப்புதல் அளித்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அதைக் காட்டி நீங்கள் நேரடியாக முதலாளி மேல் வழக்குப் போடுவது பெரும்பாலும் நடக்காது. ஆனால் பல நாடுகளின் சட்டங்கள் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. அச்சு தெரிந்தால், உங்கள் நாட்டுச் சட்டத்தில் எதைத் தேட வேண்டும் என்பது தெரியும்.

முதல் படி: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு வைக்கும் முதல் வாதம், "இவர் எங்கள் ஊழியரே இல்லை" என்பதாகத்தான் இருக்கும். ஊழியர் என்றால் விடுப்பு, குறைந்தபட்ச ஊதியம், பணிநீக்கப் பாதுகாப்பு எல்லாம் வரும். தனி ஒப்பந்தக்காரர் என்றால் இவற்றில் பெரும்பாலானவை வராது. அதனால்தான் பல நிறுவனங்கள் நியமனக் கடிதத்துக்குப் பதில் 'சேவை ஒப்பந்தம்', 'கன்சல்டன்ட்', 'பார்ட்னர்' என்று பெயர் போட்டுக் கொடுக்கின்றன.

பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2006-ல் வெளியிட்ட 198-ஆம் பரிந்துரை இதில் தெளிவாக இருக்கிறது: ஒப்பந்தத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதை விட, நடைமுறையில் வேலை எப்படி நடக்கிறது, கூலி எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார்? கருவிகள் யாருடையவை? உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்பி வேலையை முடிக்க முடியுமா? வேறு இடத்திலும் வேலை பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டா? நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் 'நிறுவனம்' என்றோ 'முடியாது' என்றோ வந்தால், கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்கு வாதாட இடம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் இப்படித்தான் பார்த்தது. கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனம், விதிகளைப் போடுவதும் நிறுவனம், சவாரியை மறுத்தால் தண்டிப்பதும் நிறுவனம். அப்படியிருக்க அவர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, தொழிலாளர்கள்தான் என்று தீர்ப்பு வந்தது.

புரொபேஷனில் இருப்பவர், பயிற்சியாளர், ஏஜென்சி மூலம் வந்தவர் என எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவு பாதுகாப்பு உண்டு. 'இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை, அதனால் உனக்கு எந்த உரிமையும் இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு குறையலாம். செய்த வேலைக்குக் கூலி, பாதுகாப்பான இடம், தொந்தரவு இல்லாத சூழல் இவையெல்லாம் முதல் நாளிலிருந்தே வரவேண்டியவை.

இரண்டாம் படி: இன்றைக்கே காகிதங்களைச் சேருங்கள்

பிரச்சினை வந்த பிறகு அல்ல, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது. நியமனக் கடிதம், அதன்பின் வந்த சம்பள உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வந்ததைக் காட்டும் வங்கிப் பதிவு, விடுப்பு ஒப்புதல்கள், வருடாந்திர மதிப்பீடு, ஊழியர் கையேடு. இவற்றின் நகல் உங்கள் சொந்த இடத்தில் இருக்க வேண்டும். வருகைப் பதிவு ஆப்பில்தான் இருக்கிறதா? மாதம் ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. உங்கள் வேலை நிபந்தனைகள் பற்றிய ஆவணங்களை வைத்துக்கொள்வது வேறு. வாடிக்கையாளர் பட்டியலையோ நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளையோ சொந்த மெயிலுக்கு அனுப்புவது வேறு. இரண்டாவதைச் செய்தால் அதையே காரணம் காட்டி உங்களை வெளியேற்றலாம், நீங்கள் வைத்திருக்கும் நியாயமான வழக்கும் அதோடு பலவீனமாகிவிடும்.

அடுத்தது நாட்குறிப்பு. ஏதாவது தவறாக நடந்தால் அன்றைக்கே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை சொன்னபடியே, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். 'மேலாளர் அடிக்கடி அவமானப்படுத்துவார்' என்று எழுதினால் அது புலம்பல். 'மார்ச் 4, காலை 10.20, கூட்ட அறையில் நான்கு பேர் முன்னால் இன்ன வார்த்தை சொன்னார்' என்று எழுதினால் அது ஆதாரம். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதற்கு இந்த மதிப்பு கிடைக்காது.

வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தாக மாற்ற எளிய வழி ஒன்று உண்டு. பேசி முடித்த அன்றே ஒரு மெயில்: "இன்று காலை நீங்கள் சொன்னபடி, இந்த மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வேலைக்கு வரவேண்டும், அதற்கு மாற்று விடுப்பு கிடையாது என்று புரிந்துகொண்டேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தவும்." கோபம் வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம். அவர் திருத்தவில்லை என்றால் அது பதிவாகிவிட்டது. திருத்தினாலும் பதிவுதான்.

உரையாடலை ரகசியமாக ஒலிப்பதிவு செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். சில நாடுகளில் நீங்களும் அந்தப் பேச்சில் ஒருவராக இருந்தால் செய்யலாம், சில நாடுகளில் அது குற்றம். உங்கள் நாட்டு விதியைப் பார்க்காமல் பட்டனை அழுத்தாதீர்கள்.

எனக்கு நடந்தது போல் கணக்கு மூடப்பட்டுவிட்டால் என்ன செய்வது? அந்த மெயிலில் வேறு யாருக்கு நகல் போயிருக்கிறது என்று யோசியுங்கள். என் விஷயத்தில் அப்படி ஒரு சக ஊழியர் இருந்தார். பிற்பாடு விசாரணையில் அவர் தன் பிரதியைக் காட்டினார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இன்னொரு கதவும் உண்டு: 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதியின்படி உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். உங்கள் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: அடித்தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

சம்பளத்திலிருந்து தொடங்குவோம். மிக அதிகமான தகராறு அங்கேதான். 1949-ல் வந்த 95-ஆம் உடன்படிக்கை சொல்வது: சம்பளம் செல்லுபடியாகும் பணமாக, ஒழுங்கான இடைவெளியில் வரவேண்டும். சட்டமோ, சங்கமும் நிறுவனமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமோ அனுமதித்த பிடித்தம் தவிர வேறு எதையும் பிடிக்கக்கூடாது. வேலை வாங்கித் தந்ததற்காக என்று சம்பளத்தில் பிடிப்பதற்குத் தடை. வேலை முடியும்போது கணக்கை முழுதாகத் தீர்க்க வேண்டும். அதே உடன்படிக்கையில் ஒரு வினோதமான விதியும் இருக்கிறது: மதுக்கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது, அங்கேயே வேலை பார்ப்பவர்கள் தவிர. சிரிப்பு வரலாம். ஆனால் கையில் வந்த கூலி வீட்டுக்குப் போவதற்குள் அங்கேயே கரைய வேண்டும் என்று எத்தனை முதலாளிகள் ஏற்பாடு செய்திருந்தால் இதை ஒரு விதியாக எழுதியிருப்பார்கள்!

சம்பளச் சீட்டில் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் பெயர் இருக்க வேண்டும். 'இதர பிடித்தம்' என்று மட்டும் இருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சீருடை, உடைந்த பொருள், பயிற்சிச் செலவு என்று பிடிக்கிறார்களா? உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா, அனுமதித்தால் உச்சவரம்பு என்ன, பிடித்த பிறகும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகவில்லையா என்று இந்த மூன்றையும் பாருங்கள்.

வேலை நேரம்: சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே இதைப் பற்றியதுதான். ஆலைகளுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகை நேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு ஊதியம். பல நாடுகள் இதற்கு மேலேயே போயிருக்கின்றன, ஒன்றரை மடங்கு, இரட்டிப்பு என்று. மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு ஓவர்டைம் பொருந்தாமல் போகலாம். இதைப் பயன்படுத்தி, கீழே ஒருவர்கூட இல்லாதவருக்கும் 'மேனேஜர்' பட்டம் கொடுப்பது பழைய தந்திரம். இங்கேயும் பெயரை விட வேலைதான் பேசும்.

விடுப்பு: 132-ஆம் உடன்படிக்கையின்படி ஒரு வருட வேலைக்குக் குறைந்தது மூன்று வாரம், சம்பளத்தோடு. அந்தக் குறைந்தபட்ச விடுப்பைப் பணத்துக்கு விட்டுக்கொடுப்பதாக நீங்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்கிறது அது. பல சட்டங்களில் ஓடும் ஒரு பொதுவான இழை இது: குறைந்தபட்சமாகச் சட்டம் கொடுத்ததை ஒப்பந்தத்தால் எடுக்க முடியாது. 'நீதானே கையெழுத்துப் போட்டாய்' என்பது எப்போதும் கடைசிச் சொல் ஆகாது.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளத்தில் இருந்த கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போகும் என்ற பயத்தில் போனார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். விரிசலை எல்லோரும் பார்த்திருந்தார்கள். மறுத்துச் சொல்லும் பலம்தான் யாருக்கும் இல்லை.

அந்த உரிமைக்குப் பெயர் ஆபத்திலிருந்து விலகும் உரிமை. 1981-ல் வந்த 155-ஆம் உடன்படிக்கையில் இருக்கிறது: உயிருக்கோ உடலுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து ஒரு தொழிலாளர் விலகினால், அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. 2022-ல் இதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக உயர்த்தினார்கள். பயன்படுத்தும் முறை முக்கியம். வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அதை 'சொல்லாமல் போனார்' என்று மாற்றிவிடுவார்கள். பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள், மேற்பார்வையாளரிடம் ஆபத்து என்ன என்று குறிப்பாகச் சொல்லுங்கள், படம் எடுங்கள், "இது சரிசெய்யப்படும்வரை வேறு வேலை கொடுங்கள், செய்கிறேன்" என்று எழுத்தில் அனுப்புங்கள். ஹெல்மெட், கையுறை, பாதுகாப்புக் காலணி இவற்றின் செலவு தொழிலாளர் தலையில் விழக்கூடாது என்பதும் இதே உடன்படிக்கையில்தான் இருக்கிறது.

மகப்பேறு: 183-ஆம் உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் என்கிறது. கர்ப்ப காலத்திலோ மகப்பேறு விடுப்பிலோ பணிநீக்கம் செய்தால், காரணம் கர்ப்பமோ பிரசவமோ அல்ல என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. திரும்பி வரும்போது அதே வேலை, அல்லது அதே சம்பளத்தில் அதற்குச் சமமான வேலை.

பாகுபாடும் சம ஊதியமும்: 1951-ன் 100-ஆம் உடன்படிக்கையில் இருக்கும் சொல் 'சம மதிப்புள்ள வேலை', 'ஒரே வேலை' அல்ல. வேலையின் பெயர் வேறாக இருந்தாலும் அதற்குத் தேவையான திறமை, பொறுப்பு, உழைப்பு ஒன்றாக இருந்தால் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

தொந்தரவு விஷயத்தில் 2019-ன் 190-ஆம் உடன்படிக்கை பழைய சாக்குகள் பலவற்றை மூடிவிட்டது. ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் தொந்தரவுதான். பணிப் பயணம், நிறுவனம் ஏற்பாடு செய்த தங்குமிடம், வேலைக்குப் போய்வரும் வழி, வேலை தொடர்பாக வாட்ஸ்அப்பில் வரும் செய்தி எல்லாம் வேலையிடத்தோடு சேர்ந்தவையே. வேலைக்கு விண்ணப்பித்தவர், பயிற்சியாளர், வேலையை விட்டுப் போனவர் ஆகியோருக்கும் பாதுகாப்பு உண்டு.

நான்காம் படி: உள்ளே எழுத்தில் புகார்

நேராக வெளியே போவதை விட, முதலில் உள்ளே எழுதுவது பெரும்பாலும் நல்லது. தீர்ப்பாயம் 'நிறுவனத்துக்கு வாய்ப்புக் கொடுத்தீர்களா' என்று கேட்கும். ஆனால் எச்.ஆர். உங்கள் வக்கீல் அல்ல. அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், சம்பளம் கொடுப்பது நிறுவனம் என்பதை மறக்க வேண்டாம்.

புகாரில் நான்கு விஷயம் போதும்: என்ன நடந்தது (தேதிகளோடு), எந்த விதியை அல்லது ஒப்பந்தப் பிரிவை மீறுகிறது, உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். 'புகார்' என்ற சொல்லை நேராகப் பயன்படுத்துங்கள். 'ஒரு சின்ன வருத்தத்தைப் பகிர்ந்துகொள்கிறேன்' என்று எழுதினால் நாளைக்கு 'அவர் புகாரே கொடுக்கவில்லை' என்பார்கள். எழுதிய தேதியும் முக்கியம். அதன்பிறகு திடீரென்று இடமாற்றம், மோசமான மதிப்பீடு, மெமோ என்று வந்தால், புகார்த் தேதியையும் அந்தத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பழிவாங்கலைக் காட்டுவீர்கள்.

பாலியல் தாக்குதல், உடனடி ஆபத்து போன்றவற்றில் உள் நடைமுறைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காவல்துறைக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: நாட்களை எண்ணுங்கள்

நல்ல வழக்குகள் சாவது இங்கேதான். ஜெர்மனியில் பணிநீக்கக் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பாகுபாட்டுப் புகாரைச் சம வேலைவாய்ப்புக்கான கூட்டாட்சி ஆணையத்தில் 180 நாளுக்குள் பதிய வேண்டும், பல மாநிலங்களில் அது 300 நாள். இந்தியாவில் பணியிடப் பாலியல் தொந்தரவுப் புகாருக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். உங்கள் நாட்டில் உங்கள் பிரச்சினைக்கு எத்தனை நாள் என்பதைப் பிரச்சினை வந்த அந்த வாரமே கண்டுபிடியுங்கள்.

'உள் விசாரணை முடியட்டும், பொறுங்கள்' என்று சொல்லிச் சொல்லியே கெடுவைக் கடத்திவிடுவது நடக்கிற கதை. பல இடங்களில் உள் விசாரணை நடப்பதால் கெடு நிற்பதில்லை. என் ஓவர்டைம் மனுவைக் கொடுத்தபோது கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது, காரணம் இந்தப் 'பொறுங்கள்'.

ஆறாம் படி: வெளியே யாரிடம்?

தொழிற்சங்கம் இருந்தால் அங்கே முதலில். சங்கம் அமைக்கும் உரிமை 1948-ன் 87-ஆம் உடன்படிக்கையில் இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தண்டிப்பதை 1949-ன் 98-ஆம் உடன்படிக்கை தடுக்கிறது. தனியாக ஒருவர் எழுதும் கடிதத்துக்கும் முப்பது பேர் கையெழுத்திட்ட கடிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தவர் தொழிலாளர் ஆய்வாளர். இவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சம்பளம் தராதது, வேலை நேரம், பாதுகாப்பு மீறல் இவற்றுக்கு வக்கீல் செலவில்லாமல் போகக்கூடிய வழி இது. 1947-ன் 81-ஆம் உடன்படிக்கைப்படி, முன்கூட்டிச் சொல்லாமல் வேலையிடத்துக்குள் நுழைய அவருக்கு அதிகாரம் உண்டு. புகார் கொடுத்தவர் யார் என்பதை அவர் வெளியிடக்கூடாது. புகார் வந்ததால்தான் சோதனைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லக்கூடாது. வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுக்கப் பயப்படுபவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பிறகு சமரசம், தீர்ப்பாயம், நீதிமன்றம். சமரசத்தை இளப்பமாக நினைக்காதீர்கள். இரண்டு வருட வழக்கில் கிடைக்கும் முழுத் தொகையை விட, இரண்டு மாதத்தில் கிடைக்கும் முக்கால்வாசி சில வீடுகளுக்கு மேல்.

ஏழாம் படி: வெளியே போகச் சொன்னால்

அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டி, "நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரெக்கார்டில் டெர்மினேஷன் என்று வரும்" என்பார்கள். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா என்றால் நீங்களாக விட்டுப் போனதாகத்தான் சட்டம் முதலில் பார்க்கும். கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை அப்புறம் உங்கள் மேல். சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "படித்துப் பார்த்து, ஆலோசனை கேட்டுவிட்டுப் பதில் தருகிறேன். நகல் கொடுங்கள்." 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதித் தேதியோடு கையெழுத்திடுவது வேறு, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்திடுவது வேறு.

1982-ன் 158-ஆம் உடன்படிக்கை பணிநீக்கத்துக்கு மூன்று வகைக் காரணங்களைத்தான் ஏற்கிறது: திறமை, நடத்தை, நிறுவனத்தின் இயக்கத் தேவை. சங்கத்தில் இருப்பது, முதலாளி மேல் புகார் கொடுத்தது, கர்ப்பம், மதம், இனம், நோயால் தற்காலிகமாக வராதது இவையெல்லாம் காரணம் ஆகாது. நடத்தை அல்லது திறமை என்று சொன்னால், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பெரிய குற்றம் இல்லாவிட்டால் நோட்டீஸ் காலம் அல்லது அதற்கான பணம் வேண்டும். எல்லா நாடுகளும் இவ்வளவு தூரம் வரவில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், சட்டம் தடை செய்த காரணங்கள் தவிர வேறு எந்தக் காரணத்துக்கும், காரணமே சொல்லாமலும்கூட அனுப்பலாம். அங்கே வழக்கு நிற்பது 'தடை செய்யப்பட்ட காரணமா' என்ற ஒரே கேள்வியில்.

எந்த நாட்டில் இருந்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இன்று எழுதிக் கொடுத்த காரணத்தை நாளை தீர்ப்பாயத்தில் மாற்றிச் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாலும் தராமல் இருப்பது, கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்று என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. 'இங்கே எல்லோருக்கும் அப்படித்தான்' என்ற பதிலை ஏற்காதீர்கள். பாஸ்போர்ட்டின் நகல், விசா, ஒப்பந்தத்தின் இரு மொழிப் பிரதிகள் இவற்றை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் அனுப்பி வையுங்கள். தூதரக எண் போனில் மட்டும் இருந்தால் போதாது, மனப்பாடமாகவும் இருக்கட்டும்.

கடைசியாக, கணக்குத் தீர்க்கும் நாள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி அந்தக் காகிதத்தில் எங்கேயாவது இருக்கும். பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில். அதில் கையெழுத்திடும் முன், உங்களுக்கு வரவேண்டிய தொகைகளை நீங்களே தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்: கடைசி மாதச் சம்பளம், நோட்டீஸ் காலப் பணம், எடுக்காத விடுப்புக்கான பணம், ஓவர்டைம், போனஸ், சட்டப்படி வரும் பணிக்கொடை அல்லது பணிநீக்க இழப்பீடு. குறைந்தால் கையெழுத்துக்கு மேலே 'தொகையில் தகராறு உண்டு, உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதலாமா என்று முன்னாலேயே வக்கீலிடமோ சங்கத்திடமோ கேட்டு வைத்திருங்கள். அனுபவச் சான்றிதழைப் பணத்தோடு கட்டிப்போட விடாதீர்கள், அதைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால், அது உங்கள் நாட்டில் செல்லுமா, செல்லுமென்றால் எத்தனை மாதம், எந்த ஊர்வரை என்பதை அடுத்த வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் பார்த்துவிடுங்கள்.